சரிபாதிக் கணக்கு எங்கே உடைந்தது: இரட்டையரில் ஒருவராக இருந்த ஒரு பாப் பாடலாசிரியர்

எதைப் பற்றி

1957இல் நியூயார்க்கில் சேர்ந்து, பதினாறு வருஷம் பாட்டு எழுதி, 1973இல் ஒரு படத்தோடு முறிந்துபோன ஒரு பாடலாசிரியர்–இசையமைப்பாளர் கூட்டணியின் கதை இது. பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பழைய அமெரிக்க பாப் கேட்டவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. பெயர் போட்டால் பேச்சு "அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று போய்விடும், கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, இவர்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இசையமைப்பாளரின் பின்னாலேயே போகிறார்கள். இங்கே நான் பார்ப்பது பாடலாசிரியரை. முறிவுக்குப் பிறகு அவர் எப்படி நின்றார் என்பது எனக்கு ஹிட் பட்டியலைவிட முக்கியமாகப் படுகிறது.

பின்னணி

பாடலாசிரியர் 1921இல் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து குடிவந்த யூதர்கள், சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அண்ணன் ஏற்கெனவே பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார், கொஞ்ச காலம் ஒரு நாளிதழில் வேலை பார்த்தார், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தின் கலைநிகழ்ச்சிப் பிரிவில் ஹவாயில் இருந்தார். 1940களின் முடிவிலேயே பெரிய இசைக்குழுக்களுக்குப் பாட்டு எழுதிப் பெயர் வாங்கியிருந்தார்.

ஆகவே 1957இல் தன்னைவிட ஏழு வயது இளையவரான இசையமைப்பாளரோடு உட்கார்ந்தபோது இவர் புதுமுகம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். இருவரும் சந்தித்தது பிராட்வேயில் 1619ஆம் எண் கட்டடத்தில். அங்கே பாரமவுண்ட் பட நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு மியூசிக் பப்ளிஷிங் கம்பெனி, அதாவது பாட்டுகளின் உரிமையைக் கையில் வைத்து வருமானம் பார்க்கும் கம்பெனி, இருந்தது. அந்தக் கட்டடத்தில் பாட்டு தயாரான விதம் எல்லாருக்கும் ஒன்றுதான்: சின்ன அறை, ஒரு பியானோ, ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, சாயங்காலம் யார் கையிலாவது கொண்டுபோய் விற்றாக வேண்டும்.

முதல் வருஷமே இரண்டு பாட்டு எடுபட்டன. 1958இல் பிரிட்டனின் தரவரிசையில் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு அடுத்தடுத்து முதலிடம் பிடித்த இரண்டு பாட்டுகளும் இவர்கள் எழுதியவைதான்.

முதல் முடிவு: கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை

இந்த வெற்றிக்குப் பிறகும் இருவரும் "இனி நீயும் நானும் மட்டும்தான்" என்று முடிவு செய்யவில்லை. இசையமைப்பாளர் 1958 முதல் புகழ்பெற்ற ஒரு ஜெர்மானிய நடிகையின் மேடை நிகழ்ச்சிகளுக்கு இசை நடத்துநராக ஊர் ஊராகப் போய்விட்டார், இங்கே இருந்த நாட்களில் வேறொரு பாடலாசிரியரோடும் பாட்டு செய்தார். பாடலாசிரியரும் சும்மா காத்திருக்கவில்லை. வேறு இரண்டு மூன்று இசையமைப்பாளர்களுக்கு எழுதி, 1959இலும் 1962இலும் நல்ல ஹிட்டுகள் கொடுத்தார்.

இதை அந்தக் காலத்துத் தொழில் வழக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் எழுத முடியும் என்பது இருவருக்கும் கண்முன்னே நிரூபணமாகி இருந்தது. பாடலாசிரியருக்கு இந்தப் பழக்கம்தான் பதினைந்து வருஷம் கழித்துக் கைகொடுத்தது.

இரண்டாம் முடிவு: பாட்டு எழுதுபவர்கள் தயாரிப்பாளர்கள் ஆனது

1961இல் ஒரு ரெக்கார்டிங்கில் பின்னணிக் குரல் கொடுக்க வந்த ஒரு பெண்ணின் குரல் இசையமைப்பாளரின் காதில் விழுந்தது. முதலில் மாதிரிப் பதிவுகளுக்குப் பாடவைத்தார்கள். 1962இல் அவரைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நியூயார்க்கின் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் வெளியிட ஆரம்பித்தார்கள். இங்கிருந்து அவர்கள் பாட்டு எழுதி விற்கிறவர்களாக மட்டும் இல்லை, ஒரு பாடகியின் ரெக்கார்டுகளைத் தயாரிக்கிறவர்களும் ஆனார்கள். அடுத்த பத்து வருஷத்தில் வந்த பெரும்பாலான பெரிய பாட்டுகள் இந்தக் குரலில்தான் வந்தன.

பணக் கணக்கு அப்போது எளிமையாக இருந்தது. எழுதியவர் பங்கு சரிபாதி. பப்ளிஷிங்குக்கு ஆளுக்கொரு கம்பெனி, இசைத்தட்டின் லேபிளில் இரண்டு கம்பெனிப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு பாட்டுக்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு கிடையாது என்றுதான் சொல்வேன். வரி பாதி, மெட்டு பாதி, யார் அதிகம் உழைத்தார் என்ற பேச்சே எழாது.

ஆனால் ஒரு ரெக்கார்டு தயாரிப்பில் பாட்டு எழுதுவது ஒரு பகுதிதான். வாத்தியங்களுக்கு எழுதுவது, ஸ்டுடியோவில் நின்று நடத்துவது, இருபத்தைந்து தடவை திரும்ப எடுக்கவைப்பது, மிக்ஸிங் எல்லாம் இசையமைப்பாளர் தலையில் விழுந்த வேலை. பாடலாசிரியர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேட்டுக் கருத்துச் சொல்வார். அது பயனுள்ள வேலைதான், ஆனால் அளக்க முடியாத வேலை. 1962இல் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

வேலை நடந்த விதம்

சில சமயம் வரி முதலில், சில சமயம் மெட்டு முதலில், பல சமயம் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு துண்டோடு உட்கார்ந்து. பிறகு தனித்தனியே எடுத்துக்கொண்டுபோய் முடிப்பார்கள், போனிலும் பேசிக்கொள்வார்கள். பாடலாசிரியர் லாங் ஐலேண்டில் குடும்பத்தோடு இருந்தார், தினமும் நகரத்துக்கு வந்து போகிறவர். எழுத்தில் தான் தேடுவது மூன்று விஷயம் என்று சொல்லியிருக்கிறார்: நம்பும்படி இருக்க வேண்டும், எளிமையாக இருக்க வேண்டும், மனதைத் தொட வேண்டும்.

எளிமை என்றதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த இசையமைப்பாளரின் மெட்டுகள் நேராகப் போகாது. நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும் தாளம் திடீரென்று ஐந்தாகும், ஒரு இடத்தில் ஏழாகும், வாக்கியம் முடிகிற இடத்தில் இசை முடியாது. அதற்குள் பேச்சு வழக்கு மாதிரியே ஒலிக்கிற வரிகளைப் பொருத்துவதுதான் இவர் செய்த வேலை. 1963இல் வந்த ஒரு பாட்டில், ஒரு வரியின் அழுத்தம் தப்பான சொல்லில் விழுகிறது என்று இவருக்கு உறுத்தல். மாற்றப் பார்த்தார், மெட்டு விடவில்லை, அப்படியே வெளியாகி ஹிட்டும் ஆனது. கேட்டவர்கள் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, இவருக்கு மட்டும் ரொம்ப காலத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு பாட்டுக்குப் பல்லவி கையில் இருந்தது, சரணம் ஏறத்தாழ இரண்டு வருஷம் வரவில்லை. உலகத்துக்கு இப்போது தேவை அன்புதான் என்று பல்லவி சொல்லிவிட்டது, அதற்குமேல் என்ன சொல்வது? எதை எழுதினாலும் பிரசங்கம் மாதிரி இருந்தது. கடைசியில் தேவையில்லாததைச் சொல்லலாம் என்று பட்டது: கடவுளே, இன்னொரு மலை வேண்டாம், இருக்கிற மலைகளே போதும். அந்தத் திருப்பம் கிடைத்ததும் பாட்டு முடிந்தது, 1965இல் வேறொரு பாடகியின் குரலில் வெளிவந்தது.

வேகமாக முடிந்ததும் உண்டு. 1968இல் ஒரு பிராட்வே இசை நாடகம். பாஸ்டனில் முன்னோட்டம் ஓடும்போதே இசையமைப்பாளர் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், இரண்டாம் பாகத்துக்கு ஒரு புதுப் பாட்டு அவசரமாகத் தேவைப்பட்டது. பாடலாசிரியர் அந்த நிமோனியாவையே பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்: முத்தத்தால் கிடைப்பது நிமோனியாக் கிருமிதான், அது தொற்றிய பிறகு அவன் போன்கூடப் பண்ண மாட்டான் என்று ஒரு பெண் சலித்துக்கொள்கிறாள். ஆங்கிலப் பேச்சில் அந்தப் போன் நிமோனியாவுக்கு எதுகையாக விழுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஒரே நாளில் மெட்டுப் போட்டார். அந்த நாடகம் 1968 டிசம்பர் 1 அன்று தொடங்கி 1,281 காட்சிகள் ஓடியது.

கவனிக்க வேண்டியவை, 1968 முதல் 1972 வரை

வெளியிலிருந்து பார்த்தால் இது உச்சம். 1970இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் இருவருக்கும். அதே வருஷம், 1963இல் எழுதி ஒரு நடிகர் பாடி யாரும் கண்டுகொள்ளாத பாட்டு ஒன்று, அண்ணன் தங்கை இருவர் பாடி அமெரிக்காவில் முதலிடம் போனது. ஏழு வருஷம் தூங்கிய பாட்டு.

ஆனால் இருவரின் நிலைமையும் ஒன்றாக இல்லை. இசையமைப்பாளர் 1960களின் நடுவிலிருந்தே தன் பெயரை முன்னால் போட்டு ஆல்பங்கள் வெளியிட்டார், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நடத்தினார், நடிகையைத் திருமணம் செய்துகொண்டார், 1970 ஜூனில் ஒரு பெரிய செய்தி வார இதழின் அட்டையில் வந்தார். பாடலாசிரியரின் முகம் ரசிகர்களுக்குத் தெரியாது. இதனால் அவர் மனம் நொந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, அவர் இயல்பே அமைதியானது என்றுதான் உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் சொல்ல வருவது வேறு. கணக்குப் புத்தகத்தில் சரிபாதி, வெளி உலகத்தில் எண்பது இருபது. இந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போனது.

இரண்டாவது, பாடகி 1970களின் தொடக்கத்தில் சிறிய நிறுவனத்தை விட்டு ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறினார். இந்த இரட்டையரே எழுதித் தயாரிப்பார்கள் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அடித்தளம். 1972இல் அப்படி ஒரு ஆல்பமும் வந்தது. அதாவது, இருவர் சேர்ந்திருப்பது இப்போது மூன்றாவது ஆள் ஒருவரின் பிழைப்புக்கும் நிபந்தனையாகிவிட்டது. பிரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முறிவு, 1973

ஹாலிவுட்டில் 1937இல் வந்த ஒரு பழைய படத்தை இசைப்படமாகத் திரும்ப எடுத்தார்கள். பாட்டுகள் இவர்கள் பொறுப்பு. பாடலாசிரியருக்கு வரிகளை எழுதி முடித்ததும் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. இசையமைப்பாளருக்கு அங்கேதான் வேலையே தொடங்கியது: பாடத் தெரியாத நடிகர்கள், குரல் கொடுக்க வேறு ஆட்கள், பின்னணி இசை, படத்தொகுப்போடு சண்டை, தன் இசையைக் கெடுக்கிறார்கள் என்று ஸ்டுடியோக்காரர்களோடு சண்டை. இரண்டு வருஷம் போனது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் போன் பேச்சு. இசையமைப்பாளர் 2013இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்கிறார். படத்தின் லாபத்தில் இருவருக்கும் சேர்த்து ஐந்து பாயிண்ட், அதாவது ஐந்து சதவீதம், சரிபாதி. நான்தான் இங்கே கிடந்து சாகிறேன், எனக்கு மூன்று உனக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாமா என்று இவர் கேட்டார். பாடலாசிரியர் முடியாது என்றார். இவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனை வைத்தார். படம் 1973இல் வெளியாகிப் படுதோல்வி. பங்கு போட லாபமே இல்லை. இசையமைப்பாளர் கலிபோர்னியாவில் கடலோரம் போய் டென்னிஸ் ஆடத் தொடங்கினார், பாடகிக்குச் செய்ய வேண்டிய ஆல்பத்தைத் தொடவில்லை.

புத்தகம் வந்தபோது பாடலாசிரியர் உயிரோடு இல்லை. ஆகவே அந்தப் போன் பேச்சு நமக்கு ஒருவர் வாயால் மட்டுமே தெரியும். ஆனாலும் எழுதியவர் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார், அதனால் நம்பலாம் என்று நினைக்கிறேன்.

யார் பக்கம் நியாயம்? உழைப்பைப் பார்த்தால் கேட்டது நியாயம், எப்போது கேட்டார் என்று பார்த்தால் அநியாயம். வேலை முக்கால்வாசி முடிந்து, களைத்துப்போய், கோபத்தில் கேட்டார். பாடலாசிரியர் பக்கம் பார்த்தால், பதினாறு வருஷம் சரிபாதி என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. ஒரு படத்தில் மூன்றுக்கு இரண்டு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த பாட்டிலும் அதே பேச்சு வரும் என்று எந்தப் பாடலாசிரியரும் பயப்படுவார். மறுத்தது சரி. நமக்குத் தெரிந்த வடிவத்தில், மறுத்ததோடு பேச்சு நின்றுவிட்டது. பாட்டுக்குச் சரிபாதி அப்படியே இருக்கட்டும், ரெக்கார்டிங் மேற்பார்வைக்குப் படக் கம்பெனியிடமே உனக்குத் தனிச் சம்பளம் கேட்போம் என்று ஒரு வழி இருந்தது. அதை இருவரில் யாரும் பேசியதாகப் பதிவில்லை.

வழக்குகள்

பாடகி இருவர் மேலும் ஒப்பந்த மீறல் வழக்குப் போட்டார். போடாவிட்டால் அவர்தான் தன் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், வேறு வழி இல்லை. பாடலாசிரியர் இசையமைப்பாளர் மேல் வழக்குப் போட்டார், பதிலுக்கு அவர் இவர் மேல் போட்டார். எல்லாம் இழுத்துக்கொண்டு போய் 1979 வாக்கில்தான் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தன.

இடையில் பலரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் நடந்தது. 1975இல் ஓர் இளம் பாடகிக்காக இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம் எழுதித் தயாரித்தார்கள். விற்கவில்லை. ஆனால் பகை முற்றி முகம் பார்க்காமல் போனார்கள் என்று சொல்லப்படும் கதைக்கு இது ஒத்துவரவில்லை. வக்கீல்கள் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே இவர்களால் வேலை செய்யவும் முடிந்திருக்கிறது.

பாடலாசிரியர் அதன் பிறகு

முறிந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பாப் உலகம் மாறிவிட்டிருந்தது, தாங்களே எழுதித் தாங்களே பாடுகிறவர்களின் காலம். வெளியிலிருந்து வாங்கிப் பாடும் பாடகர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். இந்த நிலையில் அவர் புதிதாக ஒரு நிரந்தரக் கூட்டாளியைத் தேடவில்லை, 1950களில் செய்ததையே திரும்பச் செய்தார், அதாவது யாரோடு தோதுப்பட்டதோ அவரோடு எழுதினார். ஜிப்ரால்டரில் வளர்ந்த ஒரு பாடகர்–இசையமைப்பாளரோடு எழுதிய ஒரு பாட்டு 1975இல் வந்தபோது பெரிதாகப் போகவில்லை. 1984இல் ஒரு ஸ்பானிய நட்சத்திரமும் ஒரு டெக்சாஸ் கன்ட்ரி பாடகரும் சேர்ந்து பாடியதும் உலகம் முழுக்கப் போனது. 1963 பாட்டுக்கு ஏழு வருஷம், இதற்கு ஒன்பது. எழுதி வைத்த பாட்டின் உரிமையைக் கைவிடாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன் இது. 1979இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தலைப்புப் பாடலும் இவருடையது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது அடுத்தது. 1980 முதல் 1986 வரை அவர் அஸ்காப் அமைப்பின் தலைவராக இருந்தார். வானொலி, தொலைக்காட்சி, ஓட்டல், கச்சேரி மேடை என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் கட்டணம் வசூலித்து எழுதியவர்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சங்கம் அது, 1914இல் தொடங்கியது. இவர் தலைமையில் இருந்த காலத்தில்தான் அமெரிக்காவின் உள்ளூர் தொலைக்காட்சி நிலையங்கள், மொத்தப் பாட்டுத் தொகுப்புக்கும் ஒரே கட்டணம் என்ற உரிம முறையையே எதிர்த்து நடத்திய வழக்கு சூடாக இருந்தது. 1982இல் கீழ் நீதிமன்றம் நிலையங்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 1984இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அது ரத்தாகாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே பேரம் பேச வேண்டிய நிலை வந்திருக்கும், பெயர் தெரியாத எழுத்தாளர்களின் கதி அதோகதிதான். பங்குத் தகராறில் சொந்தக் கூட்டணியை இழந்தவர், அடுத்த பத்தாண்டில் ஊர்ப் பாடலாசிரியர்களின் பங்குக்காக வாதாடிக்கொண்டிருந்தார். பாடலாசிரியர்களுக்கான கௌரவ மன்றத்துக்கும் பல வருஷம் தலைமை தாங்கினார்.

இசையமைப்பாளரும் நின்றுபோகவில்லை, புது மனைவியையே பாடலாசிரியராகக் கொண்டு 1980களில் இன்னொரு ஆஸ்கரும் வாங்கினார், பாடகியோடும் சமாதானமானார். 1993இல் பழைய இரட்டையர் அதே பாடகிக்கு ஒரு புதுப் பாட்டு எழுதினார்கள். பெரிதாகப் போகவில்லை. 2012 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பாடல் விருது இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பாடலாசிரியர் உடல்நலமில்லாமல் வர முடியவில்லை, மனைவி வாங்கிக்கொண்டார். அந்த செப்டம்பர் 1 அன்று தொண்ணூற்றொரு வயதில் இறந்தார்.

எதை மாற்றியிருக்கலாம்

சரிபாதியைக் குறை சொல்ல மாட்டேன். அது பாட்டுக்குப் போட்ட கணக்கு, பாட்டு விஷயத்தில் கடைசிவரை பிரச்சினை செய்யவில்லை. தயாரிப்பு, படத்தின் இசை மேற்பார்வை, லாபப் பங்கு என்று வேலை விரிந்தபோதும் அதே கணக்கை யோசிக்காமல் நீட்டியதுதான் சிக்கல். ஒவ்வொரு புது வகை வேலைக்கும் தனித் தாளில், வேலை தொடங்கும் முன்னால், யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். 1962இலேயே, பாடகியின் முதல் ரெக்கார்டின்போதே, எழுதியிருக்கலாம். அப்போது இருவரும் நண்பர்கள், பணமும் பெரிதாக இல்லை, பேசுவது சுலபம்.

நம் ஊரில் இரண்டு பேராகப் பாட்டு செய்கிறவர்கள் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில், சேர்ந்து எழுதிய பாட்டு பொதுவாக ஒரே கூட்டுப் படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இருவரும் முழுப் பாட்டுக்கும் கூட்டு உரிமையாளர்கள். இந்தியச் சட்டத்தில் வரிகள் இலக்கியப் படைப்பு, இசை தனிப் படைப்பு, உரிமையும் தனித்தனி. ஆகவே அவர்கள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் ஸ்டுடியோவில் செலவழியும் நேரம் இரண்டு சட்டத்திலும் பாட்டின் காப்புரிமைக்குள் வராது, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

கடைசியாகப் பாடகி. இந்தக் கதையில் எந்தத் தகராறும் செய்யாமல் நஷ்டப்பட்டவர் அவர்தான், ஆனாலும் எல்லோரும் கடைசியில்தான் அவரைப் பற்றி எழுதுகிறார்கள், நானும் அப்படியே. இருவரை நம்பி மூன்றாமவர் ஒப்பந்தம் போடும்போது, ஒருவர் விலகினால் மற்றவர் மட்டும் தயாரிக்கலாமா, வேறு தயாரிப்பாளரைக் கொண்டுவரும் உரிமை பாடகிக்கு உண்டா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். 1975இல் வேறொருவருக்கு ஒரு ஆல்பம் முழுக்கச் செய்துகொடுக்க இவர்களால் முடிந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு காத்திருப்புக் காலம் இருந்திருந்தால், அந்த ஆல்பம் வழக்குப் போட்ட பாடகிக்கே கிடைத்திருக்கலாம்.